தம்பி விட்டுக்கொடுத்த விமானம்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தானுக்கு மட்டும் முழங்கால் வலி. அந்தப் பழியையும் கடையில் இருக்கிற ஏணியின் மேல் போட்டுவிட்டார். உன் வயிற்றுப் புண் எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் டீயைக் குடித்தே காலம் தள்ளுகிறாயா?

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் போன் என்றால் பொதுச்சொத்து. நான் ஒன்று பேசினால் அத்தானுடைய அக்கா அதை நாலாக்கிச் சொல்வாள். கடிதம்தான் நமக்குச் சரி.

நம் வாண்டு பள்ளிப் படிப்பை முடித்துவிட்டான். வாண்டு என்று நான்தான் சொல்கிறேன், ஆள் நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். பைலட் ஆவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அத்தான் ஸ்பேர் பார்ட்ஸ் கடையைக் காட்டி, 'இதைப் பாத்துக்கடா, போதும்' என்கிறார். அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எனக்கு இதில் ஆச்சரியமே கிடையாது. முகம், நடை, பிடிவாதம் எல்லாம் உன்னை உரித்து வைத்திருக்கிறான். தக்காளி வாங்கி வரச் சொன்னால் காயைப் பொறுக்கிக்கொண்டு வருகிறான், அதில்கூட மாமாவேதான்.

நீ விமானக் கம்பெனியிலேயே இருக்கிறாய். எந்த பைலட் எப்போது பறக்கணும் என்று ஒதுக்குகிற ஆபீசில் உனக்குத் தெரியாததா? என்ன படித்திருக்கணும், உடம்பு எப்படி இருக்கணும், சம்பளம் எவ்வளவு, இனி வரும் காலத்தில் வேலை கிடைக்குமா, எல்லாவற்றையும் விவரமாக எழுது. அத்தானிடம் காட்ட வேண்டும்.

எனக்காக நீ விட்டுக்கொடுத்ததை அவனாவது பிடிக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வயிறு சொன்னபடி கேட்கிறது. அத்தானை ஏணியில் ஏற விடாதே.

கேட்டதை எழுதுகிறேன். பள்ளியில் கணக்கும் இயற்பியலும் படித்திருக்கணும், வாண்டு படித்திருக்கிறான். அதன்பிறகு விமானப் பயிற்சிப் பள்ளி. ஏறக்குறைய இருநூறு மணி நேரம் பறந்து, பரீட்சைகள் எழுதினால் வணிக விமானி லைசன்ஸ் கிடைக்கும். அதோடு விட்டது என்று நினைக்காதே. பெரிய விமானங்களில் ஒவ்வொரு வகைக்கும் தனிப் பயிற்சி. அதற்குப் பல நேரம் நம் கையிலிருந்துதான் கட்டணும். வேலை கிடைத்தால் வலது பக்கத்து இருக்கையில் துணை விமானி. ஆயிரத்தைந்நூறு மணி சேர்ந்து, இன்னும் பரீட்சைகள் தாண்டி, கம்பெனியும் மனது வைத்தால் ஒருநாள் இடது பக்கம் மாறலாம். அங்கே உட்காருபவர்தான் கேப்டன்.

சம்பளம் நல்ல சம்பளம்தான், மறைக்க மாட்டேன். புதிதாகச் சேரும் துணை விமானி என்னைப் போல் இரண்டு குமாஸ்தா வாங்குவதை வாங்குவார். கேப்டன் வாங்குவதைக் கேட்டால் அத்தான் கடையை மூடிவிட்டுக் கிளம்பிவிடுவார். ஆனால் அதில் பெரும்பங்கு பறக்கிற மணிக்குத்தான். காய்ச்சல் என்று படுத்தால் அந்தப் பங்கு வராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டர் என்ற போலி விமானத்தில் உட்காரவைத்து இன்ஜினை அணைத்துச் சோதிப்பார்கள். இருபது வருஷம் ஓட்டியவர்கூட அன்றைக்குப் பள்ளிப் பையன் மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். பண்டிகை, விடுமுறை எல்லாம் மற்றவர்களுக்கு.

இனி வரும் காலத்தைப் பற்றிக் கேட்டாய். கம்பெனிகள் விமானம் வாங்கிக் குவிக்கின்றன, வயதான கேப்டன்கள் ஓய்வு பெறுகிறார்கள், ஆள் தேவை என்கிறார்கள். அதுவும் உண்மை. லைசன்ஸை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் பறக்கிற வேலை கிடைக்காத பையன்கள் எங்கள் டிக்கெட் கவுண்டரிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள், அதுவும் உண்மை.

உடம்பு: ரத்த அழுத்தம், இதயம், காது சரியாக இருக்கணும். கண்ணாடி போட்டிருந்தாலும் பரவாயில்லை. டாக்டர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

என்னைக் கேட்டால் பொறியியல் நல்லது. தரையில் நிற்கிற வேலைக்கு ஒரு நிம்மதி உண்டு. யோசித்துச் செய்யுங்கள்.

அன்புடன்,
தம்பி

ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை அத்தான் மூன்று முறை படித்தார். கேப்டன் சம்பளம் பற்றிய வரியை மட்டும் நாத்தனாருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். நீ பயமுறுத்த எழுதியது எதுவும் அவர் கண்ணில் படவில்லை. கடையின் பின்பாதியைப் பக்கத்துக் கடைக்காரர் வெகுநாளாகக் கேட்கிறார், அதைக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்று மட்டும் தெளிவாக எழுது. பயிற்சிப் பள்ளியில் இப்போதே முழுக் கட்டணத்தையும் கட்டச் சொல்கிறார்கள், மருத்துவப் பரிசோதனையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். கட்டினால் திரும்பக் கிடைக்காதாம். அத்தான், 'உன் தம்பிகிட்ட கேளு, எதை முதல்ல செய்யணும்னு அவன் சொல்றபடி செய்வோம்' என்றார். உன் சொல்லுக்கு இந்த வீட்டில் அவ்வளவு மதிப்பு.

அந்த மதிப்பு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாதா? என் கல்யாணத்துக்குக் காசு போதாமல் அப்பா விழித்துக்கொண்டு நின்றபோது, பறக்கும் படிப்புக்கு வைத்திருந்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆபீஸ் வேலைக்குப் போனவன் நீ. அம்மா அதை எனக்குக் கடைசிவரை மன்னிக்கவில்லை. என் வீட்டில் ஒருநாள்கூடத் தங்கவில்லை. சொல்வதற்கும் எனக்கு வாயில்லை; தம்பியின் படிப்பைத் தின்றுவிட்டுக் குடித்தனம் நடத்துகிறவள்தானே நான். வாண்டு சட்டையில் பட்டை குத்திக்கொள்ளும் அன்றைக்கு அந்தப் பாரம் கொஞ்சம் இறங்கும்.

உடனே பதில் போடு.

அக்கா

ஜூலை 9

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள் நலமா? அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பதிலைக் கீழே இருக்கும் நண்பன் வீட்டு விலாசத்துக்குப் போடுங்கள்.

நீங்கள் அனுப்பிய விவரத்தில் நிறம் பார்க்கிற பரிசோதனை பற்றி இல்லை. ஆனால் இருக்கிறதாம் மாமா. வட்டத்துக்குள் கலர் கலராகப் புள்ளி வைத்து, நடுவில் ஒரு எண்ணை ஒளித்திருப்பார்கள். நண்பன் போனில் காட்டினான். எல்லோரும் பட் பட்டென்று எண்ணைச் சொன்னார்கள். எனக்குப் புள்ளிதான் தெரிந்தது. விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தனியாகப் பார்த்தேன். பத்தில் ஏழு தெரியவில்லை. இது தெரியாவிட்டால் பைலட் ஆக முடியாது என்று போட்டிருக்கிறது.

நீங்கள் அந்தக் காலத்தில் மெடிக்கல் பாஸ் ஆனவர் என்று அம்மா சொல்வார்கள். நான் உங்களை மாதிரியே என்றும் சொல்வார்கள். உங்களுக்கு அந்த எண் தெரிந்ததா மாமா? தெரியவில்லை என்றால் எப்படிப் பாஸ் ஆனீர்கள்? ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் மருமகன்

ஜூலை 22

அன்புள்ள மருமகனுக்கு,

நான் நலம். உன் கடிதத்தை ஆபீஸ் படிக்கட்டில் நின்றே படித்தேன். படித்ததும் கிழித்துவிட்டேன். நீயும் இதைப் படித்ததும் கிழித்துவிடு.

எனக்கும் உன் கண்தான். இதை இந்த உலகத்தில் உன் ஒருவனிடம்தான் சொல்கிறேன், உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. பச்சை, சிவப்பு, பழுப்பு மூன்றும் எனக்கு ஒரு தாய்ப் பிள்ளைகள். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, வேலை பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

வழி கேட்டாய். அந்தப் புத்தகம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான், பக்க வரிசையும் ஒன்றுதான். நான் வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், அதைப் படி. ஆனால் வெறும் வரிசையை மட்டும் நம்பாதே. நடுவிலிருந்து கேட்டாலும் தடுமாறக் கூடாது. ஒவ்வொரு வட்டத்தின் ஓரத்திலும் பெரிய புள்ளி எங்கே, சின்னப் புள்ளி எங்கே என்று அடையாளம் வைத்துக்கொள். கேட்டவுடன் சொல்லாதே, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டுச் சொல்.

தைரியமாகப் போ. நம் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம்.

மாமா

ஆகஸ்ட் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? பதிலே காணோம். உடம்புக்கு ஏதும் இல்லையே? இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. ஆபீசில் கேட்டதற்கு வேலைக்கு வந்திருக்கிறாய் என்றார்கள். அந்த மட்டில் வயிற்றில் பால் வார்த்தார்கள்.

இனியும் காத்திருந்தால் இடம் போய்விடும் என்று பள்ளியில் நெருக்கினார்கள். நீயும் வேண்டாம் என்று எழுதவில்லை. தப்பாக இருந்தால் உன் தம்பி இந்நேரம் ஓடி வந்திருப்பான் என்றார் அத்தான். கடையின் பின்பாதியை எழுதிக்கொடுத்து முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டோம்.

வாண்டு ராத்திரி பகலாக ஏதோ படிக்கிறான். நான் உள்ளே போனால் தாளை மூடிக்கொள்கிறான். அடுத்த மாதம் மருத்துவப் பரிசோதனை, நானும் கூடப் போகிறேன். ஒரு வார்த்தை ஆசீர்வாதமாவது எழுது.

அக்கா

ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துக்கொள். இங்கே இரண்டு பைலட்டுகள் வேலையை விட்டுப் போனதில் ஒதுக்கீடு எல்லாம் கலைந்து, தலைக்கு மேல் வேலை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

பணம் முழுவதும் கட்டியாகிவிட்டதா? பாதியாவது நிறுத்தி வைக்க வழி இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தீர்களா? சும்மாதான் கேட்டேன்.

நல்லதே நடக்கும். மருமகனுக்கு என் ஆசி.

தம்பி

செப்டம்பர் 20

மாமாவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்கணும். நலமாக இருங்கள்.

பரிசோதனை முடிந்தது. ஒரு சின்ன அறை. வெளியே வரிசையில் என்னோடு சேர்ந்தவர்கள், கதவு திறந்தேதான் இருந்தது. டாக்டர் வயதானவர், அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். ரத்தம், காது, இதயம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று முதுகில் தட்டினார். கடைசியாகப் புத்தகத்தை எடுத்தார். நடுவிலிருந்து கேட்டார். நீங்கள் சொன்ன மாதிரி ஓரத்துப் புள்ளியைப் பார்த்துச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தே சொன்னேன். நாலைந்து பக்கம் சரியாகப் போனது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் டாக்டர் குனிந்து பேனாவை எடுத்தார், புத்தகத்தை மறுபடி தூக்கிக் காட்டினார். ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்தது எதுவாக இருக்கும் என்று வரிசையை நினைத்து எழுபத்து நாலு என்றேன். அடுத்ததற்கும் சொன்னேன். அதற்கடுத்ததற்கும் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை மாமா. மெதுவாகத்தான் சொன்னார்.

"தம்பி, நான் புத்தகத்தைத் தலைகீழா பிடிச்சிருக்கேன்."

வெளியே யாரோ சிரித்தார்கள். அம்மாவுக்கு முதலில் புரியவில்லை, அவர்களும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

இருட்டறையில் விளக்குகளைக் காட்டியும் கேட்டார்கள். அங்கே மனப்பாடம் செய்ய ஒன்றும் இல்லை. தகுதியில்லை என்று எழுதிவிட்டார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். நானாகவே போனில் பார்த்துப் படித்தேன் என்றேன். அம்மாவும் வழியெல்லாம் அதையேதான் கேட்டார்கள். அதே பதிலைத்தான் சொன்னேன்.

உங்களுக்கு எப்படிச் சரியாக வந்தது என்று மட்டும் தெரியவில்லை. உங்கள் அளவுக்கு எனக்குச் சாமர்த்தியம் இல்லை போல.

மருமகன்

செப்டம்பர் 27

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமா? இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை.

வாண்டு எழுதியிருப்பான். அவனுக்கு நிறம் தெரியாதாம். பதினெட்டு வருஷம் பெற்று வளர்த்த எனக்குத் தெரியாமல், முன்பின் தெரியாத ஒரு டாக்டர் பத்து நிமிஷத்தில் சொல்கிறார். தக்காளி விஷயத்தில் எத்தனை முறை திட்டியிருக்கிறேன். அதுகூடப் போகட்டும். மனப்பாடம் செய்து ஏமாற்றப் பார்த்தான் பார், அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அந்தப் பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் வெளியே வரவேண்டியிருந்தது. அவன் தலை குனிந்து முன்னால் போக, நான் பின்னால் கூனிக் குறுகிக்கொண்டு போனேன்.

இது தாய் வழியாக வருமாம். என் கூடப் பிறந்த ஆண்பிள்ளைகளுக்கு உண்டா என்று டாக்டர் கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, என் தம்பி இதே பரிசோதனையில் பாஸ் ஆனவன், பைலட் ஆகியிருக்க வேண்டியவன் என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த பையனை உள்ளே வரச் சொன்னார்.

வீட்டில் நாத்தனார் விடவில்லை. இதெல்லாம் அவர்கள் பக்கத்தில் கிடையாது, நான் கொண்டு வந்து சேர்த்தது என்கிறாள். கடை போனது, பையன் போனான், எல்லாம் என் ரத்தத்தால் என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்கிறாள். அத்தான் வாயைத் திறப்பதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு வார்த்தை திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருக்கிறது.

உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை, கேட்கிற இடத்தில் நான் இல்லை. இப்போது கேட்கிறேன். லீவு போட்டு ஒரு நடை வா. அவர்கள் முன்னால் உட்கார்ந்து, எங்கள் குடும்பத்தில் இந்தக் குறை இல்லை, நான் பாஸ் ஆனவன் என்று ஒரே ஒரு முறை சொல். உன் பழைய மருத்துவச் சான்றிதழ் இருந்தால் எடுத்து வா. நீ சொன்னால் அத்தான் நம்புவார்.

அக்கா

அக்டோபர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை அத்தானும் படிக்கட்டும், அவருடைய அக்காவும் படிக்கட்டும்.

நான் வரவில்லை. வந்தால் சொல்ல மாட்டேன், உன் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பூசி மெழுகிவிட்டு வருவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

சான்றிதழ் கிடையாது. நான் பாஸ் ஆகவில்லை. வாண்டுவுக்கு இருப்பது எனக்கும் இருக்கிறது. இங்கே திரையில் மருத்துவத் தகுதிக் கெடு முடிந்த பைலட் பெயர் சிவப்பிலும் மற்றவர்கள் பச்சையிலும் வரும். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஓரத்தில் இருக்கும் சின்ன எழுத்தைப் படித்து இத்தனை வருஷம் சமாளித்து வருகிறேன்.

அன்றைக்கு நானும் மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். அந்த டாக்டர் நடுவிலிருந்து தொடங்கினார், மூன்றாவது பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். உள்ளே நுழைந்தால் உன் கல்யாணப் பேச்சு, காசு போதவில்லை என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "எனக்குப் பறக்கிறதெல்லாம் வேண்டாம்பா, அந்தப் பணத்தை அக்காவுக்கு எடுத்துக்குங்க" என்றேன். அப்பா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நீ என் காலில் விழப் போனாய். அந்த ஒருநாள் அந்த வீட்டில் என்னை விடப் பெரியவன் யாரும் இல்லை. தோற்றுவிட்டு வந்தவனுக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்தால் யார் அக்கா திருப்பிக் கொடுப்பார்கள்? நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன், அந்த நாளை வரவேயில்லை.

வாண்டுவின் விஷயம் அதைவிடக் கேவலம். அவன் எனக்கு எழுதிக் கேட்டான். எனக்கு நிறம் தெரியாது என்று சொன்னேன், தோற்றேன் என்று சொல்லவில்லை. அந்த எண்களை எழுதி அனுப்பியது நான். எதை முதலில் செய்யணும் என்று நீ கேட்டபோது, மருத்துவம் முதலில், பணம் பிறகு என்று இரண்டே வார்த்தை எழுதியிருந்தால் கடை தப்பியிருக்கும். இங்கே தரை துடைப்பவருக்குக்கூட அது தெரியும். எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அந்த அறையில் டாக்டர் கேட்டும், வழியெல்லாம் நீ கேட்டும் அவன் என் பெயரைச் சொல்லவில்லை. அவனுக்கு இருக்கிற நெஞ்சு எனக்கு இல்லை. வெட்கத்தில் இரண்டு வாரமாகக் கண்ணாடி பார்க்காமல் ஷேவ் செய்கிறேன்.

பள்ளிக்குக் கட்டியதை நான் கொஞ்சம் கொஞ்சமாக அத்தானுக்கு அனுப்பிவிடுவேன். அது சரியாகிவிடும். மற்றதை என்ன செய்வது என்று தெரியவில்லை. வாண்டுவிடம் சொல், விமானத்தைச் சுற்றி ஆயிரம் வேலை இருக்கிறது, அவன் கேட்டால் உண்மையாக எழுதுவேன்.

திட்டு அக்கா. ஆனால் பதில் போடு.

தம்பி

டிசம்பர் 2

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

நீ சொன்னபடி அத்தானிடம் கொடுத்தேன். நாத்தனாருக்கு நானே படித்துக் காட்டினேன், நிறுத்தாமல், முழுவதும். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அத்தான் "போதும்க்கா, எந்திரி" என்றார். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதலாக அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. இனி இங்கே யாருக்கும் நான் கூனிக் கும்பிட வேண்டியதில்லை. அந்த அளவுக்கு உன் கடிதம் எனக்கு நல்லதுதான் செய்தது.

வாண்டுவைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். கடிதத்தை அவனும் படித்தான். "மாமா பாஸ் ஆகலையா?" என்று மட்டும் கேட்டான். உன் மேல் கோபமா என்று கேட்டதற்கு, பாவம் மாமா என்றான். பொறியியலுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். கடை வரும், போகும். அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது தினமும் நான் சாப்பாடு கொண்டு வந்தேனே, உனக்கு நினைவிருக்கும். பஸ் மாறி வருவேன், ஆறிப்போகக் கூடாது என்று துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருவேன். அம்மா சுவர் பக்கம் திரும்பிக்கொள்வாள். 'எம்புள்ள வாழ்க்கையைத் தின்னவ கையால எனக்கு வேண்டாம்' என்பாள். நீ கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாய். வீணாகக் கூடாது என்று அந்தச் சாப்பாட்டை எடுத்து நீ சாப்பிடுவாய். நன்றாக இருக்கிறது அக்கா என்பாய். அம்மா போகிறவரை அப்படித்தான் நடந்தது. பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு நான் வீட்டுக்குப் போவேன், நாளைக்காவது ஒரு வாய் சாப்பிடுவாளா என்று நினைத்துக்கொண்டே.

உனக்கு அப்போதே தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் என் பக்கம் திரும்பியிருப்பாள்.

என்னிடம் சொல்லிவிட்டாய், சரி. அத்தானிடம் சொல்லியாயிற்று, பையனிடம் சொல்லியாயிற்று. அம்மாவிடம் இனி யார் போய்ச் சொல்வது?

அக்கா